அபத்தம், யுவர் ஆனர்

...ஒரே ஒரு சொல்தானே, அதுவும் என்ன புதுச் சொல்லா, நாலு வருஷமாகத் தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததுதான், அதை இன்னொரு தரம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டால் யார் குடி முழுகிவிடப் போகிறது, என்று காரின் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நினைத்தான் வினய், நினைத்த மறுகணமே பானுவின் குடி முழுகிவிட்டதே என்றும் தோன்றிவிட்டது, கண்ணைத் திறந்துவிட்டான். ஏ.எஸ்.ராவ் நகர் தாண்டி இ.சி.ஐ.எல். நாற்சந்தி சிக்னலில் கார் நின்றிருந்தது. டிராபிக் கான்ஸ்டபிள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், ஆள் யாரென்று தெரிந்ததும் முகமெல்லாம் பல்லாக, வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அபத்தம், யுவர் ஆனர்" என்றார். வினய்யும் பதிலுக்கு விரலை உயர்த்தினான். உயர்த்தாமல் இருக்க முடிவதில்லை, தும்மல் மாதிரி அது, வந்தால் வந்ததுதான்... வீட்டில் வைத்த பேர் விநாயகம், லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் ஒர்க்‌ஷாப் பிட்டர் நடேசனின் மகன். விநாயகம் என்றால் கொழுக்கட்டை ஞாபகம் வருகிறது, கோர்ட்டா ஞாபகம் வரும் என்று சொல்லி சேனல்காரர்கள் வாலை நறுக்கி வினய் ஆக்கினார்கள். நறுக்கிய வாலைப் பற்றி அவனும் ரொம்ப நாள் கவலைப்படவில்லை. இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள், அதிலும் ஒருவன் போன வாரம் செத்துப்போனான்.

செத்துப்போனவன் வேதாசலம். குடியிருப்பில் ஒரே லைனில் வளர்ந்தவன், ரயில்வேயில் வேலை கிடைக்காமல் நாச்சாரத்தில் தவளா வாஷிங் பவுடர் கம்பெனியில் சேர்ந்து, சரக்கு லிப்ட்டில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். லிப்ட்டின் இரும்புக் கயிறு அறுந்து, மூட்டைகளோடு அவனும் கீழே வந்துவிட்டான். கயிறு பிரிகிறது என்று பல தடவை சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவன் பெண்டாட்டி பானு ஒவ்வொரு சேனல் மைக்கிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாரும் எதுவும் சொல்லவே இல்லை, குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்கிறது கம்பெனி. இதில் வினய்க்கு என்ன வந்தது? வந்தது இதுதான்: அவன் நாயகனாக நடிக்கும் 'மூடோ சாட்சி' என்ற தெலுங்கு டிவி தொடருக்கு, மூன்றாம் சாட்சி என்று அர்த்தம், தொடக்கத்திலிருந்தே விளம்பரம் தருவது தவளா. இன்றைக்கு நாச்சாரம் ஷூட்டிங் ப்ளோரில், அந்தத் தொடரின் கோர்ட் செட்டிலேயே, வெற்றி விழா. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். அதில் ஒருவர், ஏற்கெனவே சொல்லி வைக்கப்பட்ட ஒருவர், எழுந்து, தவளா கம்பெனி விபத்தைப் பற்றி ஒரு அம்மாள் இப்படிச் சொல்கிறாளே, லாயர் ஆதிசேஷு என்ன சொல்கிறார் என்று கேட்பார். லாயர் ஆதிசேஷு, அதாவது வினய், அதாவது விநாயகம், விரலை உயர்த்தி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மற்றதைக் கைத்தட்டல் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சொல்தான் அவனைத் தூக்கிவிட்டது, நன்றி கெட்டவனாகப் பேசக்கூடாது. முதலில் அவன் நாயகனே இல்லை, பெரிய வக்கீலுக்குப் பின்னால் பைலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஜூனியர், நாற்காலியை இழுத்துப் போடுவது, தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைப்பது, வசனமென்றால் "எஸ் சார்". பெரிய வக்கீலாக நடித்தவருக்கு சினிமாவில் வாய்ப்பு வந்தது, போட்டது போட்டபடி போய்விட்டார். தயாரிப்பாளர் பிரசாத் சுற்றுமுற்றும் பார்த்தார், கழற்றிப் போட்டிருந்த கறுப்புக் கோட்டு யாருக்குப் பொருந்தும் என்றுதான் பார்த்தார், அது இவனுக்குப் பொருந்தியது. ஆக அவனைத் தேர்ந்தெடுத்தது கோட்டுதான். முதல் காட்சியிலேயே ஒரு பொய்ச்சாட்சியைப் பார்த்து 'அபத்தம்' என்று கத்த வேண்டும். தெலுங்கில் அபத்தம் என்றால் பொய். தெலுங்குக்காரர் சொன்னால் அது நெஞ்சிலிருந்து கனமாக வரும், இவனுக்கு வீட்டுத் தமிழ் நாக்கு, மெல்லிசாக, கூர்மையாக, பாதி கேலியாக வந்து விழுந்தது. தமிழில் அபத்தம் என்றால் பொய் இல்லையே, பேத்தல், அர்த்தமில்லாத கூத்து, அவ்வளவுதானே... அந்தத் தமிழ் அபத்தம்தான் தெலுங்குக் கோர்ட்டில் விழுந்தது. யூனிட்டே சிரித்தது. டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், மற்ற வசனமெல்லாம் இன்றைக்கும் வேறொருவர் குரல்தான், யாரோ ஒரு கர்னூல்காரர் மைக் முன்னால் நின்று ஆதிசேஷுவாகப் பேசிவிட்டுப் போகிறார், அவரை வினய் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் எடிட்டர் மாற்றாமல் விட்டுவிட்டார். சோம்பலோ, குறும்போ, விட்டுவிட்டார். அது ஊரைப் பிடித்துக்கொண்டது. தினமும் அரைமணி நேரம் வாயசைக்கும் மனுஷனுக்குச் சொந்தமாக இருந்தது அந்த ஒன்றுதான்.

பிடித்துக்கொண்டது என்றால் லேசுப்பட்ட பிடியா... ஆட்டோ கண்ணாடியில் அந்த விரல், செல்போன் மணியில் அந்தச் சொல், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் வரிசையாக நின்று அதே விரல். ஒரு நிஜ வக்கீல், தலையெல்லாம் நரைத்தவர், இவனோடு படம் எடுத்துக்கொண்டு, நாங்கள் முப்பது வருஷம் கத்தியும் வராத மரியாதை என்று சொன்னபோது அவர் சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை வினய்க்குத் தெரியாது. வீட்டு வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், நிலத்தகராறு, ஜீவனாம்சம், அண்ணன் தம்பி சண்டை, நான் வக்கீல் இல்லைங்க, நடிகன் என்று சொன்னால், தெரியும் சார், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நின்றார்கள். சொன்னான். சொல்லச் சொல்ல ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டுமே. பிறகு ஒருநாள் மகள் அக்ஷதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சாக்ஸைக்கூடக் கழற்றாமல், தமிழில் கேட்டதற்கு வழக்கம்போலத் தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பதில் சொன்னாள்: வகுப்பில் ஒரு பெண், வேன் டிரைவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், பின்பெஞ்சுப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து விரலைத் தூக்கி, அபத்தம், யுவர் ஆனர், என்று கத்தியிருக்கிறார்கள், டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. உங்க டயலாக்தானே நான்னா, என்றாள் அக்ஷதா, அப்பாவைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவாள், குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஷூட்டிங்கில் அதே சொல்லை மூன்று டேக் சொன்னான், மூன்றாவது டேக் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

கார் மல்லாப்பூர் பக்கம் திரும்பியது. இனி லாரிகள், குடோன்கள், தகரக் கொட்டகைகள், அப்புறம் அந்த வாசனை, தவளாவின் எலுமிச்சை வாசனை, காற்று இந்தப் பக்கம் அடித்தால் ப்ளோர் வரைக்கும் வரும், முன்பெல்லாம் பிடிக்கும்... வேதாசலத்தின் உடம்பிலும் இதே வாசனைதான். குடியிருப்பு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், கூழ் ஊற்றுகிற இடத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தோளில் கை போட்டான். "விநாயகம், லிப்ட்டு ரோப்பு பிரிஞ்சு பிரிஞ்சு வருதுடா, கை வெச்சா முள்ளு மாரி குத்துது. மேஸ்திரிகிட்ட சொன்னேன், மேனேஜர்கிட்ட சொன்னேன், ஹவ் ஹவ், ஆமா ஆமானு தலைய ஆட்டறான், ஒண்ணும் பண்ண மாட்டேங்கறான். உன் சீரியலு கம்பெனிதானே, நீ ஒரு வார்த்தை போட்டு வையேன்" என்றான். சுற்றிலும் பத்துப் பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், எதையாவது செய்து காட்டுங்கள் என்று. வினய் என்ன செய்தான்? வேதாசலத்தைப் பார்த்து விரலை உயர்த்தி, அபத்தம், யுவர் ஆனர், என்றான். கூட்டம் ஆரவாரம் செய்தது. வேதாசலமும் சிரித்தான், வயிறு குலுங்கத்தான் சிரித்தான், கூழ் சொம்பு தளும்பியது. சிரித்து முடித்துவிட்டு, ஆனா நெசமா சொல்றேண்டா, என்றான். அதற்குள் யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வினய்யை.

ஆக, தெரியும். சொன்னானா இல்லையா என்ற கேள்வியே இல்லை, சொன்னான், இவனிடமே சொன்னான். அதுவும் பானுவுக்குத் தெரியும். சாவு வீட்டில், எதிர் வீட்டுப் பெண்ணாகப் பாவாடை கட்டிய நாளிலிருந்து தெரிந்த பானு, அழுது முடித்த முகத்தோடு வந்து, "உன்கிட்ட சொன்னேன்னு அவரு சொன்னாரு விநாயகம். நீ வந்து அத மட்டும் சொன்னா போதும், வேற ஒண்ணும் நக்கோ, வேணாம்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். என்ன தலையாட்டல் அது, சரி என்றா, பார்க்கலாம் என்றா, அவனுக்கே தெரியாது. வெளியே வந்தால் பந்தலுக்கு வெளியே நின்றிருந்த ஒரு ஆள் விரலை உயர்த்தினான், வினய்யின் விரலும் உயர்ந்துவிட்டது, பிணம் உள்ளே கிடக்கிறது... உயர்ந்த பிறகுதான் தெரிந்தது, சட்டென்று தலைமுடியைக் கோதுகிற மாதிரி மாற்றிக்கொண்டான். திரும்பிப் பார்த்தான், பானு ஜன்னல் பக்கம் இல்லை. இருந்திருந்தாலும் தெரியாது, வெயில் கண்ணாடியில் அடித்தது.

பிரசாத் வீட்டுக்கே வந்தார், நேற்று. சோபாவில் உட்கார்ந்து, மனைவி தாரிணி கொடுத்த காபியை ரசித்துக் குடித்து, அக்ஷதாவின் படிப்பை விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். பெரிய மனுஷன், அதட்டமாட்டார், குரல் உயராது. தெலுங்கில் தேன் மாதிரி பேசுவார். தவளா விலகினால் தொடர் நிற்கும், தொடர் நின்றால் நூறு குடும்பம் நிற்கும், அதில் உன் குடும்பமும் ஒன்று என்றார். நான் ஒன்றும் பொய் சொல்லச் சொல்லவில்லை, உன் வசனத்தைச் சொல்லச் சொல்கிறேன், அது வசனம்தானே, வசனத்துக்கு யாராவது கேஸ் போடுவார்களா என்றார். வினய் வாயைத் திறப்பதற்குள் தன் ஆள்காட்டி விரலைத் தானே உயர்த்திப் பார்த்துக்கொண்டு, "மாட்ட கூட ஒத்து, வேலு சாலு" என்றார், வார்த்தைகூட வேண்டாம், விரல் போதும் என்று. செருப்பை மாட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, எழுத்தாளர் ஒரு எபிசோட் எழுதித் தயாராக வைத்திருக்கிறார், ஆதிசேஷு ரோட்டைக் கடக்கிறான், ஒரு லாரி வருகிறது, நான்தான் அதை இன்னும் ஓகே பண்ணவில்லை என்றார். கோட்டு இன்னொருவனுக்கும் பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை, பொருத்திப் பார்த்தவர் அவர்தான்.

இரவெல்லாம் புரண்டு, விடியும்போது அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. ஏன், தமிழில் சொல்லிவிட்டால் என்ன? அவன் சொல்வது எப்போதுமே தமிழ் அபத்தம்தானே, அந்தச் சத்தம்தானே அது, தெலுங்குக்காரர்கள் பொய் என்று எடுத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான். வாஷிங் பவுடர் மூட்டைக்கு அடியில் ஒரு மனுஷன் செத்துப்போனது அபத்தம் இல்லையா, அதைக் கொண்டாட்ட மேடையில் வைத்துக் கேட்பது அபத்தம் இல்லையா, எல்லாமே அபத்தம், அப்படி நினைத்துக்கொண்டு சொன்னால் மனசுக்குப் பொய் இல்லை, வாய்க்கும் பொய் இல்லை, பானுவுக்கும் தமிழ்தானே, அவளுக்குப் புரியும்... எவ்வளவு அழகான வழி, குளிக்கும்போது பாட்டுக்கூட வந்தது. இட்லித் தட்டை வைக்கும்போது தாரிணியிடம் சொன்னான், பெருமையாகவே சொன்னான். அவள் சட்னிக் கரண்டியைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். "நீங்க தமிழ்ல சொல்லுவீங்க, சரி. பொய்ங்கறதுக்குத் தமிழ்ல வார்த்தையா இல்ல? பானு அந்த வார்த்தையப் போட்டே கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை. பயந்திருந்தாள், எதற்கு என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை, லாரிக்கா, கூட ஒரே வீட்டில் இருப்பவனுக்கா.

ப்ளோர் வாசலில் வாழைமரம், மாலை, ஆளுயரத்துக்கு அவனே, விரலை உயர்த்தியபடி, அட்டையில். மேக்கப் அறையில் நாற்காலியில் சாய்ந்ததும் பழக்கத்தில் கண் மூடிக்கொண்டது. உதவி இயக்குநர் தீபக் வந்தான், நல்ல பையன், காகிதத்தோடு வந்து நிகழ்ச்சி முறையை வாசித்தான், குத்துவிளக்கு, சேனல் தலைவர் பேச்சு, கேக், அப்புறம் கேள்வி. கேள்வி என்ன கேட்கப் போகிறார்கள், முழுசாகச் சொல்லேன் என்றான் வினய். தீபக் விழித்தான். "எப்போதும் கேட்கமாட்டீங்களே சார், கடைசி வார்த்தை போதும்பீங்களே" என்றான். நிஜந்தான்... குறுக்கு விசாரணைக் காட்சியில் வினய்யின் க்ளோஸப் எடுக்கும்போது சாட்சி அங்கே இருக்கவே மாட்டார், தன் பங்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வெளியே பீடி குடித்துக்கொண்டிருப்பார். காமிராவுக்குப் பக்கத்தில் நின்று தீபக் சாட்சியின் வசனத்தில் கடைசிச் சொல்லை மட்டும் சொல்வான். 'தெரியாது', அவ்வளவுதான், விரல் எழும். 'பார்த்தேன்', விரல் எழும். நாலு வருஷத்தில் எத்தனை சாட்சிகளை உடைத்திருக்கிறான், அழ வைத்திருக்கிறான், கூண்டிலேயே மயங்கி விழ வைத்திருக்கிறான், ஒருவர் சொன்னதையும் அவன் முழுசாகக் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குக் கடைசிச் சொல் 'கருத்து' சார், லாயர் ஆதிசேஷுவின் கருத்து என்று முடிப்பார், அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றான் தீபக். சரி, கருத்து. கோட்டை மாட்டினார்கள். தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இல்லை, எப்போதும் இருப்பதுதான்.

செட்டுக்குள் நுழைந்ததும் கைத்தட்டல். நீதிபதி மேடைதான் இன்றைக்கு விழா மேடை, பின்னால் அலமாரி நிறைய சட்டப் புத்தகம், எல்லாம் வெறும் முதுகு, உள்ளே தெர்மகோல். ஜட்ஜ் நாற்காலியில் அவனை உட்காரச் சொன்னார்கள், வேண்டாம் என்றான், உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் பிரசாத், பக்கத்தில் தவளா முதலாளி, வெள்ளை வெளேரென்று சட்டை, பின்னால் பத்திரிகைக்காரர்கள், அதற்கும் பின்னால் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் துணை நடிகர்கள், கோர்ட்டில் வேடிக்கை பார்க்கும் பொதுஜனமாக உட்காருகிறவர்கள், கூட்டம் தெரியட்டும் என்று இன்றைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். விளக்கேற்றினார்கள். சேனல் தலைவர் பேசினார், உண்மையின் குரல் என்று இவனைச் சொன்னார், உண்மையின் குரல் கர்னூல்காரருடையது, அவரை அழைத்தார்களோ என்னவோ... கேக்கும் கறுப்புக் கோட்டு உருவத்தில் இருந்தது, கத்தியை நெஞ்சில் இறக்கச் சொன்னார்கள், இறக்கினான். வெயிட்டான விளக்குகள் மேலே இரும்புச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தன, சங்கிலியை யார் பார்க்கிறார்கள், யாராவது பார்த்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள், இதற்குக் கீழேதான் தினமும் நிற்கிறேன் என்று நினைத்தபோது பிடரியில் வேர்த்தது. தமிழில் சொல், தமிழில் சொல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அல்லது ஒன்றுமே சொல்லாதே, கையைக் கட்டிக்கொள், விழாவுக்கு வந்த இடத்தில் விழாவைப் பற்றிப் பேசுவோம் என்று சிரித்துவிடு. அதுகூட முடியுமே. அதைவிட, எழுந்து நின்று, சொன்னான், என்னிடமே சொன்னான், என்று... அந்த வாக்கியத்தைத் தெலுங்கில் வைத்துப் பார்த்தான், யார் குரலில் வரும் அது, அவன் குரலில் ஒரு முழு வாக்கியத்தை இந்த ஊர் கேட்டதே இல்லையே.

அப்போதுதான் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்தான். முதலில் துணை நடிகை என்றுதான் நினைத்தான், சாயம் போன பச்சைப் புடவை, நெற்றியில் ஒன்றுமில்லை, நல்ல ஒப்பனை, விதவை என்று எழுதி ஒட்டினமாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்தான், அட கடவுளே... பானு. வாசலில் துணை நடிகைகளோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும், காவலாள் அவளையும் கணக்கில் சேர்த்து உள்ளே விட்டிருப்பான், அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன நினைப்பான். பக்கத்திலிருந்த பெண் அவளுக்குச் சமோசாவை நீட்டினாள், அவள் வாங்கவில்லை. வினய்யையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், அதுதான் பொறுக்கவில்லை, நம்பிக்கை மாதிரி ஏதோ இருந்தது. கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். சொல்லி வைத்திருந்த நிருபர் பேனாவை மூடி பாக்கெட்டில் செருகிக்கொண்டு எழ ஆரம்பித்தார், பாதி எழுவதற்குள் பின்னால் பானு எழுந்துவிட்டாள். மரத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். துணை நடிகர்கள் விலகி உட்கார்ந்தார்கள், இது நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்தார்களோ என்னவோ. பிரசாத் திரும்பிப் பார்த்தார். காமிராக்கள் திரும்பின. அவள் பேச ஆரம்பித்தாள், தமிழில்.

தமிழில் பேசுகிறாள், நல்லது, தமிழிலேயே பதில் சொல்லலாம், ஆமாம் என்றோ இல்லை என்றோ, இரண்டில் ஒன்று, இந்த வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, உதடுதான் தெரிகிறது, தவளா முதலாளி குனிந்து பிரசாத்தின் காதில் என்னவோ சொல்கிறார், தீபக் காமிராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான், வழக்கமாக நிற்கும் இடம், அவன் ஏன் அங்கே நிற்கிறான், அவனுக்கே தெரியாது, பழக்கம், தாரிணி டிவி முன்னால் இருப்பாள், நேரடி ஒளிபரப்பு, பானுவுக்குக் குரல் கம்மியிருக்கிறது, பாவம், எத்தனை மைக்கில் பேசியிருப்பாள், லிப்ட் என்றாள், அவரு என்றாள், உன்கிட்ட என்றாள், இன்னும் என்னவோ, இன்னும் என்னவோ, அப்புறம் ஒரு மூச்சு இழுத்து,

"சொல்லு விநாயகம்" என்றாள்.

விரல் எழுந்துவிட்டது. அவன் எழுப்பவில்லை. ஆள்காட்டி விரல் தோளுக்கு மேலே, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கோட்டுக் கை மடிப்புக் கலையாமல், அட்டையில் இருந்த மாதிரியே. முன்வரிசையிலிருந்து முதல் கைத்தட்டல், அப்புறம் எல்லாரும், துணை நடிகர்கள் விசிலடித்தார்கள். பிரசாத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், போதும் என்கிற முகம். வாய் இன்னும் திறக்கவில்லை, வினய் இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, இன்னும் எதையும் சொல்லலாம், பானு, ஆமாம் என்றோ, பானு, இல்லை என்றோ... ஆனால் பானு உட்கார்ந்துவிட்டாள். மரத் தடுப்பிலிருந்து கையை எடுத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பதில் கிடைத்துவிட்டவள் மாதிரி, மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஆமாம் என்று கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான், அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அவள் என்ன கேட்டாள்? நான் சொல்றது பொய்யா என்று கேட்டாளா, அவரு சொன்னது நிஜந்தானே என்று கேட்டாளா? ஒன்றுக்கு ஆமாம் என்றால் அவளைக் கொன்றதாகும், இன்னொன்றுக்கு இல்லை என்றால் அவளைக் கொன்றதாகும். சொந்த பாஷையில், எதிர் வீட்டுப் பெண், ஊர் முன்னால் எழுந்து நின்று கேட்டதில் அவன் காதில் தங்கியிருந்தது அவன் பேர் மட்டும்தான்.